இடி மழையும் ஏறும் வெயிலும் ஒரே அறிக்கையில் வந்தால் எதை நம்பி எள்ளுக் களத்தைப் பிரிப்பது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு மதுரையில் வேலை, பேரையூர்ப் பக்கம் சொந்த ஊர். அப்பா மாசிப் பட்டத்து எள்ளை அறுத்துக் களத்தில் போர் போட்டு வைத்திருக்கிறார். மே முதல் வாரத்து வானிலை அறிக்கையில், மதுரை, தேனி, திண்டுக்கல், விருதுநகர் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய மிதமான மழை பெய்யக்கூடும் என்று மூன்று நாளைக்குப் போட்டிருக்கிறது. அதே அறிக்கையில் நாலு வரி தள்ளி, அதிகபட்ச வெப்பநிலை படிப்படியாக 2 முதல் 3 டிகிரி உயரக்கூடும் என்றும் இருக்கிறது. மழை பெய்தால் வெயில் எப்படி ஏறும், போன வாரம் பெய்த மழை ஏன் இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை, இந்த இரண்டு வாக்கியத்தில் எதை நம்பிக் களத்தைப் பிரிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டு வாக்கியமும் உண்மைதான். ஆனால் இரண்டும் ஒரே உறுதியோடு சொல்லப்படுபவை அல்ல. வெயில் திரும்பும் என்பது கிட்டத்தட்ட நிச்சயம். மழை விஷயத்தில், உங்கள் மாவட்டத்தில் எங்காவது பெய்யும் என்பது மட்டுமே ஓரளவு நிச்சயம். உங்கள் களத்தில் பெய்யுமா என்பதற்கு மூன்று நாள் முன்னால் யாரிடமும் பதில் கிடையாது. மூன்று மணி நேரம் முன்னால் ஓரளவு பதில் உண்டு. நான் வானிலை நோக்குக்கூடத்தில் கருவிகளோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். காற்று, மேகம், வெப்பமானி பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எள் என் துறை இல்லை, அதில் உங்கள் அப்பா சொல்வதுதான் சரி.

கோடை மழை எப்படி உருவாகிறது என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். அறிக்கையில் வெப்பச்சலனம் என்று சொல்வது இதைத்தான். ஏப்ரல் 16 வாக்கில் நண்பகல் சூரியன் மதுரைக்கு நேர் உச்சியில் நிற்கும். மறுபடி அப்படி வருவது ஆகஸ்ட் கடைசியில். இடைப்பட்ட காலத்தில் தரை நன்றாகச் சூடேறி, அதைத் தொடும் காற்றும் சூடாகி மேலே கிளம்பும். மேகம் கட்டாத காற்று ஒவ்வொரு கிலோமீட்டர் ஏறும்போதும் சுமார் 10 டிகிரி குளிரும். ஒரு கட்டத்தில் அதிலுள்ள ஈரம் நீர்த்துளியாக மாறும், அதுதான் மேகத்தின் அடிப்பாகம். துளியாக மாறும்போது வெளிவரும் வெப்பம் காற்றை இன்னும் மேலே தள்ளும். மேலே உள்ள காற்று போதிய அளவு குளிர்ந்திருந்தால் மேகம் நிற்காமல் வளர்ந்து 15 கிலோமீட்டர் உயரம் வரைகூடப் போகும். நம் பக்கம் 5 கிலோமீட்டர் உயரத்துக்கு மேலே போனாலே உறைநிலைக்குக் கீழ்தான், அதனால் அந்த மேகத்தின் மேல்பாதி முழுக்க பனிக்கட்டியும், உறைநிலைக்குக் கீழே போயும் உறையாமல் நிற்கும் நீர்த்துளியும். மின்னலுக்கான மின்னூட்டம் பிரிவது அங்கேதான். ஆலங்கட்டி விழுவதும் அங்கிருந்துதான்.

வெயில் மட்டும் இருந்தால் இது நடக்காது, ஈரம் வேண்டும். மதுரைக்கு அந்த ஈரம் பெரும்பாலும் கிழக்கிலிருந்து வருகிறது. தொண்டிப் பக்கத்துக் கடற்கரை நமக்குச் சுமார் நூறு கிலோமீட்டர்தான். பிற்பகலுக்கு மேல் கடற்காற்று உள்ளே நகர்ந்து சாயங்காலம் கொண்டலாக மதுரையை எட்டும். அந்த நேரத்தில் மேற்கிலிருந்து காய்ந்த காற்று வீசிக்கொண்டிருந்தால் இரண்டும் எங்கோ ஒரு கோட்டில் முட்டும். முட்டுகிற இடத்தில் காற்றுக்கு மேலே போவதைத் தவிர வழியில்லை. கிழக்குத் திசைக் காற்றும் மேற்குத் திசைக் காற்றும் சந்திக்கும் பகுதி என்று அறிக்கையில் வருவது இந்தக் கோட்டைத்தான். அது ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை. ஒருநாள் திருமங்கலத்துக்குக் கிழக்கே இருக்கும், மறுநாள் உசிலம்பட்டி வரை போகும்.

இன்னொரு காரணம் மலை. வெயில் பட்ட மலைச்சரிவு தரையைவிடச் சீக்கிரம் காற்றைத் தூக்கிவிடும். அதனால்தான் கொடைக்கானல் மலையிலும் வருசநாட்டு மலையிலும் மத்தியானத்துக்குள் மேகம் எழும்பிவிடுகிறது, மதுரை நகரத்தில் அப்போது வானம் வெளுத்துக் கிடக்கும். உங்கள் ஊருக்கு மேற்கே சாப்டூர், சதுரகிரி மலை இருப்பது இந்த விஷயத்தில் முக்கியம். அங்கே கட்டும் மேகம் பேரையூரை நோக்கி வருமா, அல்லது மலையைத் தாண்டித் தேனிப் பக்கம் போய்விடுமா என்பதை 3 முதல் 6 கிலோமீட்டர் உயரத்தில் அடிக்கும் காற்று முடிவு செய்கிறது. அந்த உயரத்தில் மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வீசும் காற்று, இருந்தால் மேகம் நம் பக்கம் உருளும். கிழக்கிலிருந்து வீசும் கீழ்க்காற்று இருந்தால் மலையிலேயே பெய்து தீர்ந்துவிடும், நாம் தூரத்து மின்னலைப் பார்த்துக்கொண்டு நிற்போம். மே மாதத்தில் அந்த உயரத்துக் காற்று பல நாள் வலுவே இல்லாமல் இருக்கும், அப்போது மேகம் பிறந்த இடத்திலேயே நின்று கொட்டும். ஒரே சாயங்காலம் டி.கல்லுப்பட்டியில் ஓடை ஓடியிருக்கும், பத்து கிலோமீட்டர் தள்ளி புழுதிகூட அடங்கியிருக்காது.

மேகம் முற்றியபின் நடப்பதையும் சொல்ல வேண்டும், உங்கள் களத்துக்கு அது மழையைவிட முதல் ஆபத்து. மழைத்துளிகள் கீழே விழும்போது வழியில் உள்ள காய்ந்த காற்றில் ஒரு பங்கு நீர் ஆவியாகும். அப்படி ஆவியாவதால் அந்தக் காற்று சட்டென்று குளிர்ந்து, கனம் கூடி, தரையை நோக்கிப் பாய்ந்து நாலா பக்கமும் பரவும். மழைக்கு முன்னால் வரும் புழுதிக்காற்று இதுதான். நோக்குக்கூடத்தில் வெப்பமானிகளை வைத்திருக்கும் வெள்ளை மரக்கூண்டைத் திறந்துவைத்து இதைப் பார்த்திருக்கிறேன். 38 டிகிரியில் அசையாமல் நின்ற பாதரசம், காற்று திசை மாறிய நிமிடத்திலிருந்து கண் பார்க்கவே இறங்கத் தொடங்கும். கால் மணி நேரத்துக்குள் 27, 28க்கு வந்துவிடும். அதுவரை ஒரு சொட்டு மழை விழுந்திருக்காது. காற்றுமானியின் கிண்ணங்கள் சுழலும் வேகத்தில் தனித்தனியாகத் தெரியாது. அறிக்கையில் மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் வேகத்தில் பலத்த காற்று என்று போடுவது அந்தக் கால் மணி நேரத்துக்காகத்தான். சோழவந்தான் பக்கம் வாழை சாய்வதும், அழகர்மலை அடிவாரத்திலும் நத்தம் பக்கமும் மாங்காய் உதிர்வதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். போர் மேல் போட்ட தார்ப்பாய் பறப்பதும் அப்போதுதான். மழை வந்தபின் தார்ப்பாயைத் தேடுவதில் பயனில்லை.

சரி, இவ்வளவு குளிர்ந்த பிறகு வெயில் எப்படித் திரும்புகிறது? கணக்குப் போட்டால் தெளிவாகத் தெரியும். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர் தண்ணீர். அந்த ஒரு லிட்டரை ஆவியாக்கச் சுமார் 24 லட்சம் ஜூல் ஆற்றல் வேண்டும். மேகமில்லாத மே மாத நாளில், ஒரு சதுர மீட்டர் தரைக்குக் கிடைத்து மிஞ்சும் ஆற்றல் ஏறக்குறைய 5, 6 லிட்டர் தண்ணீரை ஆவியாக்கும். தரையில் ஈரம் இருக்கும்வரை சூரியனின் ஆற்றலில் பெரும்பகுதி அந்த ஈரத்தை ஆவியாக்கவே செலவாகும், காற்றைச் சூடாக்க மிச்சம் குறைவு. ஈரம் தீர்ந்ததும் அதே ஆற்றல் முழுக்க மண்ணையும் காற்றையும் சூடாக்கப் போகும். 12 மில்லிமீட்டர் மழை பெய்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகமாகப் பெய்ததால் ஒரு பங்கு ஓடிவிடும். உங்கள் கரிசலில் வெடிப்பு இருந்தால் இன்னொரு பங்கு வெடிப்புக்குள் இறங்கிவிடும், மேலே வெயிலுக்கு அகப்படாது. மிஞ்சியது ஒன்றரை நாள், மிஞ்சிப்போனால் இரண்டு நாள் வெயிலுக்குத்தான் காணும். மூன்றாம் நாள் மத்தியானம் மண்ணின் மேல்தோல் வெளுத்துவிட்டால் வெப்பநிலை பழைய இடத்துக்கு வந்துவிடும். போன வாரம் உங்கள் ஊரில் நடந்தது இதுதான். மழை பொய்த்துவிட்டது என்று அர்த்தமில்லை. அந்த மழையால் இரண்டு நாளைக்குத்தான் குளிர்விக்க முடியும்.

சூரியன் அப்படியே இருக்கிறது, பகலும் நீளமாகிக்கொண்டே போகிறது. மழைக்குக் காரணமான காற்றமைப்பு மூன்று நாலு நாளில் நகர்ந்துவிடும் அல்லது வலுவிழந்துவிடும். வளிமண்டலக் கீழடுக்கு சுழற்சி என்று அறிக்கையில் படித்திருப்பீர்கள், தரைக்குச் சற்று மேலே காற்று வட்டமாகச் சுழலும் அமைப்பு அது. அது நம் பகுதிக்கு மேல் இருக்கும்வரை சாயங்கால மழைக்கு வாய்ப்பு தொடரும், போனபின் வானம் தெளியும், வெயில் ஏறும். மழை வரியும் வெயில் வரியும் ஒரே அறிக்கையில் வருவதற்கு இதுதான் காரணம். முதல் வரி சுழற்சி இருக்கும் நாட்களுக்கானது, இரண்டாவது வரி அது போன பிறகு வரும் நாட்களுக்கானது. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அதிகபட்ச வெப்பநிலை பெரும்பாலும் பிற்பகல் 2 மணியிலிருந்து 3 மணிக்குள் பதிவாகும். இடிமழை வருவது 4 மணிக்கு மேல். ஆக ஒரே நாளில் 39 டிகிரியும் பதிவாகலாம், சாயங்காலம் நல்ல மழையும் பெய்யலாம். இதில் முரண்பாடு எதுவும் இல்லை.

மழைக்கு மறுநாள் புழுக்கம் தாங்கவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அது வெறும் உணர்வு இல்லை, கருவியிலேயே தெரியும். கூண்டுக்குள் இரண்டு வெப்பமானி பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்றின் குமிழில் நனைந்த மஸ்லின் துணி சுற்றி, அதன் திரியைத் தண்ணீர்க் கிண்ணத்தில் விட்டிருப்போம். வியர்வை காய்ந்து உடம்பு குளிர்வதுபோலவே அந்தத் துணி காய்ந்து குமிழ் குளிரும். காய்ந்த நாளில் 39 டிகிரியும் 35 சதவீத ஈரப்பதமும் இருந்தால் ஈரக்குமிழ் சுமார் 26.5 காட்டும். மழைக்கு மறுநாள் வெப்பம் 36தான், ஆனால் ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் 27.5 அளவில் நிற்கும். வெப்பநிலை 3 டிகிரி குறைந்திருக்கிறது, உடம்பு குளிர்வதற்கான வசதியோ ஒரு டிகிரி மோசமாகியிருக்கிறது. அதிக வெப்பநிலையும் அதிக ஈரப்பதமும் சேர்ந்திருக்கும்போது அசௌகரியம் ஏற்படலாம் என்று அறிக்கையில் சேர்ப்பது இதனால்தான். பலரும் அதைச் சடங்கு வாக்கியம் என்று தாண்டிப் போகிறார்கள். களத்தில் வேலை செய்பவர்களுக்கு அதுதான் அறிக்கையின் முக்கியமான வாக்கியம். 36 தானே என்று நினைத்து மத்தியானம் எள் உலுப்ப நிற்க வேண்டாம் என்று அப்பாவிடம் அழுத்திச் சொல்லுங்கள். வயதானவர்களுக்கு இந்த மாதிரி நாளில்தான் மயக்கம் வருகிறது.

இனி அறிக்கையை எப்படி வாசிப்பது என்பது. ஓரிரு இடங்களில் என்றால் அந்தப் பகுதியில் மழைமானி வைத்திருக்கும் இடங்களில் கால்வாசி வரை. சில இடங்களில் என்றால் கால்வாசிக்கு மேல் பாதி வரை. பல இடங்களில் என்றால் பாதிக்கு மேல் முக்கால்வாசி வரை, பெரும்பாலான இடங்களில் என்றால் அதற்கும் மேல். ஆக உங்களுக்கு வந்த அறிக்கையை நேராகப் படித்தால், நாலு களத்தில் மூன்று களம் நனையாது என்று அர்த்தம். ஆனால் மலையடிவாரம் என்பதால் உங்கள் ஊருக்கு இந்த வாய்ப்பைச் சற்றுக் கூட்டித்தான் வைத்துக்கொள்ள வேண்டும், மேலூர்ப் பக்கத்தையும் பேரையூரையும் ஒன்றாக வைத்துப் பார்க்க முடியாது. இது கணக்குப் போட்டுச் சொல்வதில்லை, பல கோடை வானத்தைப் பார்த்ததில் வந்த கணிப்பு.

அளவிலும் கவனம் வேண்டும். லேசான மழை என்பது 2.5 முதல் 15.5 மில்லிமீட்டர். மிதமான மழை 15.6 முதல் 64.4 வரை. கனமழை 64.5க்கு மேல். மிதமான என்று கேட்டதும் தூறல்போல மனதில் தோன்றும். ஆனால் 40 மில்லிமீட்டரும் மிதமான மழைதான், அது முக்கால் மணி நேரத்தில் கொட்டினால் களத்தில் கணுக்கால் தண்ணீர். எள்ளுக்கு அதில் பாதியே போதும் கெட்டுப்போக. அப்புறம், மழை அளவை எல்லாம் காலை 8.30 மணிக்குத்தான் எடுப்போம், அதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்கு. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பெய்தது புதன்கிழமைக் கணக்கில் வரும். அறிக்கையில் தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்று வரும் புகார்களில் பாதி இந்த ஒரு விஷயத்தால் வருவது.

ஏன் இன்னும் துல்லியமாகச் சொல்ல முடியவில்லை என்ற உங்கள் கேள்வியும் நியாயமானது. கணினி மாதிரிகள் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. இந்தியாவில் பல வருடம் 12 கிலோமீட்டர் கட்டத்தில் ஓடிய கணக்கு, 2025 மே மாதம் பாரத் முன்கணிப்பு அமைப்பு வந்தபின் 6 கிலோமீட்டராகச் சுருங்கியிருக்கிறது. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் ஒரு இடிமேகத்தின் குறுக்களவே பல சமயம் அந்த 6, 10 கிலோமீட்டர்தான் இருக்கும். ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடும் மேகத்தின் பிறப்பிடத்தை அந்தக் கட்டத்தால் சொல்ல முடியாது. அதோடு, ஒரு மேகத்திலிருந்து பாயும் குளிர்காற்று அடுத்த மேகத்துக்கு விதை போடும், இரண்டு பக்கத்துப் பாய்ச்சல் முட்டினால் நடுவில் மூன்றாவது மேகம் எழும்பும். முதல் மேகம் அரை மணி நேரம் தள்ளிப் பிறந்தால் பின்னால் வரும் எல்லாமே மாறிவிடும். ராடார் இதைப் பிடிக்கும், ஆனால் பூமி வளைந்திருப்பதால் 200 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள ராடாரின் கதிர் நம் தலைக்கு மேல் 4 கிலோமீட்டர் உயரத்தில்தான் போகும், அதற்குக் கீழே நடப்பது அதற்குத் தெரியாது. மேற்கே கேரளத்திலிருந்து பார்க்கும் ராடாருக்கு நடுவில் மலையும் நிற்கிறது. போன் செயலியில் உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டால் பத்து நாளைக்கு மணிவாரியாக மேகப் படம் காட்டும். கோடை மழை விஷயத்தில் அந்தப் படத்தில் மூன்றாம் நாளுக்கு மேல் உள்ள எதையும் வைத்து முடிவெடுக்காதீர்கள். வெப்பநிலைக்கு அதையே ஐந்து நாள் வரை தாராளமாக நம்பலாம், ஒரு டிகிரி இரண்டு டிகிரி முன்பின் இருக்கும், அவ்வளவுதான். வெப்பநிலை பெரிய பரப்பில் மெல்ல மாறுவது. மழை சின்ன இடத்தில் சட்டென்று நடப்பது.

வெயில் கணிப்பைக் கவிழ்க்கக்கூடிய ஒன்று வங்கக்கடல் புயல். மே மாதத்தில் அங்கே புயல் உருவானால் மழை வரும் என்று நம் ஊரில் நம்பிக்கை பிறக்கும். புயல் நம் கரைக்கு வராமல் வடக்கே போனால் நடப்பது நேர் எதிர். அது சுற்றிலும் உள்ள ஈரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், நம் மேல் காய்ந்த மேற்கு, வடமேற்குக் காற்று அடிக்கும், கடற்காற்று உள்ளே வர விடாது. 2019இல் ஃபானி முதலில் தமிழகக் கரைப் பக்கம் வரும்போலத் தோன்றி, கடைசியில் மே 3 அன்று ஒடிசாவில் பூரி அருகே கரையேறியது. 2023 மே மாதம் மோக்கா மியான்மருக்குப் போனது. இந்த மாதிரிப் புயல் போகும் பாதையைப் பார்த்தாலே நம் வெயிலைச் சொல்லிவிடலாம். இப்போதைக்குக் கடலில் சுழற்சி எதுவும் அறிக்கையில் இல்லை என்று நீங்கள் எழுதியிருப்பதால் இதை விட்டுவிடுகிறேன்.

கத்திரி முடிந்தால் குறையுமா என்றும் கேட்டிருந்தீர்கள். மே 4 முதல் 28 வரை என்பது சூரியன் நிற்கும் நட்சத்திரத்தை வைத்துப் பஞ்சாங்கம் போடும் கணக்கு. வானிலைத் துறை அந்தக் கணக்கில் எதையும் சொல்வதில்லை. மதுரையைப் பொறுத்தவரை ஜூன் மாதம் மே மாதத்தைவிடப் பெரிதாக ஒன்றும் குளிர்ந்துவிடாது. ஜூன் 1 வாக்கில் கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும். அந்தக் காற்று மலைக்கு அந்தப் பக்கமே மழையைக் கொட்டிவிட்டு, நம் பக்கம் இறங்கும்போது சூடாகிக் காய்ந்துபோய் வரும். கம்பம் பள்ளத்தாக்கில் சாரல் அடிக்கும், மதுரையில் புழுதி பறக்கும். இடிமழையும் குறைந்துவிடும், மறுபடி ஆகஸ்ட், செப்டம்பரில்தான் சாயங்கால, ராத்திரி இடிமழை சேரும். எள்ளைத் தூற்ற வேண்டுமென்றால் ஜூன் மேல்காற்று நல்ல காற்று, ஆனால் அதுவரை காத்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

2 முதல் 3 டிகிரி உயரும் என்பதை வெப்ப அலை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சமவெளியில் வெப்ப அலை என்று அறிவிக்க அதிகபட்சம் குறைந்தது 40 டிகிரியைத் தொட வேண்டும், அதோடு இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும், அல்லது நேராக 45 டிகிரியை எட்டியிருக்க வேண்டும். மதுரையில் மே மாத இயல்பே 38 டிகிரியை ஒட்டி இருப்பதால், 41 அடித்தாலும் அந்தப் பெயர் வராமல் போகலாம். பெயர் வரவில்லை என்பதால் உடம்புக்கு ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது.

இனி உங்கள் அப்பாவின் களம். நான் கேள்விப்பட்டவரை, எள்ளுக் கட்டுகளின் நுனி உள்ளேயும் அடி வெளியேயும் இருக்கும்படி வட்டமாகப் போர் அடுக்கி, மேலே வைக்கோல் மூடி மூன்று நாள் வைப்பார்கள். பிறகு பிரித்து வெயிலில் காயவிட்டு உலுப்புவார்கள். முதல் நாளிலேயே முக்கால்வாசி எள் கொட்டிவிடும், மீதிக்கு இன்னும் ஒன்றிரண்டு நாள் வெயில். போராக இருக்கும்போது கெட்டியான தார்ப்பாய் போட்டு ஓரத்தில் கல் வைத்தால் 20 மில்லிமீட்டரைத் தாங்கிவிடலாம். பிரித்துப் பரப்பியபின் நனைந்தால்தான் எள் கறுத்து நாற்றமெடுக்கும். அதனால் அறிக்கை மழை சொல்லும் மூன்று நாளும் போரைப் பிரிக்காமல் வைப்பதும், வெப்பநிலை உயரும் என்று சொல்லும் நாலாம் நாளிலிருந்து பிரிப்பதும்தான் என் யோசனை. உறுதியான கணிப்பு வெயிலுக்குத்தான் இருக்கிறது, அதை நம்பி வேலையை வையுங்கள். பிரித்த நாட்களிலும் காலை 8 மணிக்குப் பரப்பி மூன்று மணிக்குள் உலுப்பி அள்ளிவிட்டால், சாயங்கால மழை எங்கே பெய்தாலும் கவலையில்லை.

அந்த நாட்களில் பார்க்க வேண்டியது மேற்கு வானம். காலை பத்து, பதினொரு மணிக்கே சாப்டூர் மலைக்கு மேல் மேகம் உயரம் உயரமாக எழும்ப ஆரம்பித்தால் அன்று கவனமாக இருக்க வேண்டும். மேகம் தட்டையாக, பஞ்சுத் துணுக்குபோல நின்று மத்தியானம் வரை வளராவிட்டால் பெரும்பாலும் பயமில்லை. ஒரு மணிக்கு மேல் மேகத்தின் தலை இழைபோலப் பிரிந்து ஒரு பக்கமாகப் பரவத் தொடங்கினால் அது முற்றிவிட்டது. அது எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைவிட அதன் கறுத்த அடிப்பாகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள், உங்களை நோக்கி வருவது அதுதான். கூடவே வானிலைத் துறை மாவட்டவாரியாக அடுத்த மூன்று மணி நேரத்துக்குத் தரும் எச்சரிக்கையை மதுரையிலிருந்து நீங்கள் பார்த்து அப்பாவுக்குப் போன் செய்யலாம். காலை அறிக்கையைவிட இதுதான் களத்துக்கு உதவும். மதுரைக்கு மட்டுமில்லாமல் விருதுநகர், தேனி மாவட்டத்துக்கும் சேர்த்துப் பாருங்கள், பேரையூர் மூன்றுக்கும் பக்கத்தில் இருக்கிறது.

கடைசியாக மின்னல். எள் நனைந்தால் நஷ்டம், மின்னலில் நின்றால் உயிர். களத்தில் பக்கத்தில் நிற்பது புளியமரமோ பனைமரமோ எதுவானாலும் அதன் கீழே ஒதுங்கக் கூடாது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று எண்ணலாம். 30 விநாடிக்குள் இடி கேட்டால் மேகம் பத்து கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது, மழை விழாவிட்டாலும் மின்னல் அங்கிருந்து எட்டும். அப்போதே வீட்டுக்கோ கதவு மூடிய வண்டிக்குள்ளோ போய்விட வேண்டும், தகரக் கொட்டகை போதாது. பூனாவிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் தாமினி செயலி பக்கத்தில் விழும் மின்னலைக் காட்டும், அப்பா போனில் போட்டுக் கொடுங்கள். தார்ப்பாய் இழுக்கும் வேலையைப் புழுதிக்காற்று கிளம்புமுன் முடிக்கச் சொல்லுங்கள். காற்று வந்தபின் போர் போனால் போகட்டும். கடைசி இடிச் சத்தம் கேட்டு அரை மணி நேரம் ஆன பிறகுதான் களத்துக்குத் திரும்ப வேண்டும்.